கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கின சவுண்ட்பார் டிவிக்கு ஒத்து வரல, கேஸ் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு டிவில பேசுறது சரியா புரியலைன்னு ஒரு சவுண்ட்பார் வாங்கினேன். எங்கிட்ட இருக்குற ப்ளூ-ரே டிஸ்க்கையும் டால்பி அட்மாஸ்ல, அதாவது சுத்தியும் மேல இருந்தும் சத்தம் வர்ற மாதிரி, கேட்கணும்னு ஆசை. முன்னாடியே கடைக்காரருக்கு டிவி மாடல் நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பி "ப்ளூ-ரேல இருந்து அட்மாஸ் வருமா"ன்னு கேட்டேன், "தாராளமா வரும், இந்த மாடலையே எடுங்க"ன்னு பதில் வந்துச்சு. மாட்டிப் பார்த்தா அட்மாஸ் வரவே இல்ல, ஆப்டிக்கல் கேபிள்ல போட்டா வாய் அசையுறதுக்கும் சத்தத்துக்கும் பொருந்தல. பாருக்கு பின்னாடி ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ போர்ட்தான் இருக்கு. கடைல "பெட்டி பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கு"ங்கிறாங்க. டிவி கம்பெனி சவுண்ட்பாரை கைகாட்டுது, சவுண்ட்பார் கம்பெனி டிவியை கைகாட்டுது. மூணு பேர் மேலயும் கேஸ் போடலாமா? வாங்கி பன்னெண்டு நாள் ஆச்சு.

பதில்: மூணு பேர் மேலயும் போடாதீங்க. நீங்க அனுப்பின ஃபோட்டோவ பெருசாக்கி பார்த்தேன், டிவி போர்ட்டுக்கு பக்கத்துல "ஏ.ஆர்.சி"ன்னு மட்டும்தான் இருக்கு, முன்னாடி "இ" இல்ல. அந்த ஒரு எழுத்துலதான் உங்க வழக்கே இருக்கு.

ஏ.ஆர்.சி-ன்னா டிவில இருந்து சத்தத்தை எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாவே பாருக்கு அனுப்புற வசதி. 2009-ல எச்.டி.எம்.ஐ 1.4-ஓட வந்தது, அதுல ஆடியோவுக்கு கிடைக்கிற வழி நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட்தான். ப்ளூ-ரே டிஸ்க்ல அட்மாஸ் பொதுவா ட்ரூ எச்.டி-ங்கிற வடிவத்துல இருக்கும், அது 18 மெகாபிட் வரைக்கும் போகும், அந்த சின்ன குழாய்ல அது எப்படிங்க நுழையும்? 2017-ல எச்.டி.எம்.ஐ 2.1-ஓட வந்த இ-ஏ.ஆர்.சி-ல 37 மெகாபிட் வரை இடம் இருக்கு, அதுல போகும். உங்க சவுண்ட்பார்ல அது இருக்கு, டிவில இல்ல. ஆப்டிக்கல்லயும் ட்ரூ எச்.டி போகாது. சில பார்ல தனியா எச்.டி.எம்.ஐ இன்புட் இருக்கும், ப்ளேயரை நேரா பார்ல சொருகி அங்கிருந்து டிவிக்கு எடுத்துடலாம், உங்களுதுல அந்த வழியும் இல்ல. ஆக டிவி பழுதில்ல, பாரும் பழுதில்ல, ரெண்டும் ஜோடி சேராது அவ்வளவுதான். ஜோடி சேரும்னு சொன்னது கடைக்காரர்.

இப்போ சட்டத்துக்கு வரேன். பொருள் எதுக்குன்னு வாங்குறவர் விற்கிறவர்கிட்ட தெரியப்படுத்தி, அவர் விஷயம் தெரிஞ்சவர்னு நம்பி வாங்கினா, அந்தப் பொருள் அந்த வேலைக்கு பொருத்தமா இருக்கணும்ங்கிறது ஒப்பந்தத்துல எழுதலைன்னாலும் உள்ள இருக்குற நிபந்தனை. 1893-ல இங்கிலாந்து சரக்கு விற்பனைச் சட்டத்துல எழுதினது, அதை ஒட்டி வந்த சட்டம் இருக்குற நாடுகள்லயும் இதே மாதிரிதான். ஆனா அதுலயே ஒரு விலக்கு உண்டு, பிராண்ட் பேர் சொல்லி கேட்டு வாங்கினா இந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு, "அவர்தானே மாடலை தேர்ந்தெடுத்தார்"னு எதிர்தரப்பு இதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. அதுக்கு பதில் 1925-ல பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்குலயே இருக்கு. ஒருத்தர் ஊர் சுத்தறதுக்கு வசதியான கார் வேணும்னு கேட்டார், டீலர் புகாட்டியை சிபாரிசு பண்ணார், வண்டி அதுக்கு லாயக்கில்லாம போச்சு. புகாட்டின்னு பேர் சொல்லித்தானே ஆர்டர் கொடுத்தார்ங்கிற வாதத்தை கோர்ட் ஏத்துக்கல, அந்தப் பேரை நம்பினதே டீலர் பேச்சை நம்பித்தான்னு சொல்லிடுச்சு. உத்தரவாதம் எதுவும் கிடையாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருந்ததும் அந்த டீலரை காப்பாத்தல. உங்க "இந்த மாடலையே எடுங்க" மெசேஜை இதோட வச்சுப் பாருங்க! பில்லுல இருக்குற வரியும் மனசு மாறி திருப்பிக் கொடுக்கிறவங்களுக்குத்தான், சொன்ன வேலைக்கு ஆகாத பொருளை தலைல கட்டுறதுக்கு அது லைசென்ஸ் இல்லைன்னு நாம வாதாடலாம்.

ஆனா நோட்டீஸ் விடுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சோதிச்சுப் பாருங்க, ஏன்னா உங்க பக்கம் சின்ன தப்பு இருந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு மொத்த வழக்கையும் கவிழ்த்துடுவாங்க. ஆப்டிக்கலை கழட்டிட்டு ஏ.ஆர்.சி போர்ட்ல எச்.டி.எம்.ஐ கேபிள் போடுங்க, டிவில சி.இ.சி-ய (எச்.டி.எம்.ஐ-ல மாட்டின கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க, டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் "பி.சி.எம்"ல இருந்தா "பாஸ்த்ரூ"வுக்கு மாத்துங்க. வாய் பொருந்தாத பிரச்சனை இதுலயே சரியாகலாம், சரியானா புகார்ல அதை சேர்க்காதீங்க. அப்புறம் டிஸ்க்கை ஓட்டி பார் டிஸ்ப்ளேல என்ன எழுத்து வருதுன்னு ஒரே ஷாட்ல வீடியோ எடுங்க. ஓடிடி ஆப்ல அட்மாஸ் ஏ.ஆர்.சி-லயே வரலாம், அது டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ங்கிற கம்மி அளவுல வர்றது. "அதான் அட்மாஸ் வருதே"ன்னு கடைக்காரர் அதைக் காட்டுவார், நீங்க கேட்டது ப்ளூ-ரேன்னு உங்க மெசேஜ்லயே இருக்குறதால பயப்பட வேண்டாம்.

சோதிச்ச மறுநாளே, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாம, பொருளை நிராகரிக்கிறேன்னு எழுத்துல அனுப்பிடுங்க. நியாயமான காலத்துக்கு மேல ஒண்ணும் சொல்லாம வச்சிருந்தா ஏத்துக்கிட்டதா ஆயிடும், அப்புறம் நஷ்டஈடுதான் கேட்க முடியும், பொருளை திருப்ப முடியாது. பன்னெண்டு நாள் பரவாயில்ல, ரெண்டு மாசம் ஆனா நானே தயங்குவேன். பாரை கடைக்கு தூக்கிட்டுப் போய் சண்டை போடணும்னும் இல்ல, வேண்டாம்னு தெரிவிச்சாலே போதும், எடுத்துட்டுப் போறது அவங்க பொறுப்பு. ஆனா நிராகரிச்ச பிறகும் தினமும் அதுல படம் பார்க்காதீங்க, சுவத்துல ஓட்டை போட்டு மாட்டாதீங்க, சொந்தப் பொருள் மாதிரி நடத்தினா ஏத்துக்கிட்டீங்கன்னு வாதாடுவாங்க.

கடிதத்துல ரெண்டு கேளுங்க, முழுப் பணம், இல்லாட்டி எச்.டி.எம்.ஐ இன்புட் இருக்குற பாரா மாத்திக் கொடுக்கணும். என் அனுபவத்துல ரெண்டாவதுக்கு கடைக்காரங்க சீக்கிரம் இறங்கி வருவாங்க, விலை வித்தியாசம் கொஞ்சம் கொடுக்க வேண்டி வந்தாலும் உங்களுக்கு அதுதான் லாபம். பதினஞ்சு நாள்ல பதில் இல்லைன்னா கடைக்காரர் ஒருத்தரை மட்டும் எதிர்தரப்பா போட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். வாட்ஸ்அப் பேச்சை ஸ்க்ரீன்ஷாட்டோட விடாம முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க, அந்த ஃபோனையும் ரீசெட் பண்ணிடாதீங்க.

இது முடியுற வரைக்கும் அப்பாவுக்கு டிவியோட சவுண்ட் மெனுல வசனத்தை தூக்கிக் காட்டுற மோட் இருக்கான்னு பாருங்க, நிறைய டிவில இருக்கும், அதைப் போட்டு விடுங்க.