ஜீன் கிரேயைச் சாக விட்டிருக்கலாம்

அன்புள்ள சார்,

மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய எக்ஸ்-மென் என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களை வரிசையாகப் படித்து முடித்தேன். 94-ஆம் இதழில் ஆரம்பித்து 279 வரை. கண் எரிச்சல்தான் மிச்சம், ஆனால் பேச்சை நிறுத்த முடியவில்லை. "கிளேர்மான்ட் ரன்னுக்குப் பிறகு எக்ஸ்-மென் என்று ஒன்று கிடையாது" என்று நண்பர் ஒருவரிடம் சண்டையே போட்டுவிட்டேன். (ஒரு தொடரை ஒருவர் விடாமல் எழுதும் காலத்தைத்தான் 'ரன்' என்கிறோம்.) என் மனைவி கேட்கிறாள்: "அந்த ஆட்களை அவர் உண்டாக்கவும் இல்லை, அவருக்குச் சொந்தமும் இல்லை, படம் வரைந்ததும் வேறு ஆள். அப்புறம் என்ன 'அவருடைய' எக்ஸ்-மென்?" பதில் சொல்லத் தெரியவில்லை. 42 வயதில் இதெல்லாம் கொஞ்சம் ஓவரா? இன்னொன்று, என் அக்கா மகனுக்கு 12 வயது. அவனுக்கு எங்கிருந்து படிக்கக் கொடுப்பது?

அன்புடன்,
கா., திருப்பூர்

அன்புள்ள கா.,

வயதை விடுங்கள். நான் உங்களைவிடப் பத்து வருஷம் மூத்தவன், போன வாரம்கூட இதே இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவியின் கேள்விதான் கடிதத்திலேயே நல்ல கேள்வி.

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. எக்ஸ்-மென் 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கியது. ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் எல்லாம் லென் வீனும் டேவ் காக்ரமும் சேர்ந்து 1975-இல் ஒரு சிறப்பிதழில் இறக்கிவிட்டவர்கள். அதற்கு முந்தைய ஐந்து வருஷம் அந்தப் பத்திரிகையில் புதுக்கதையே கிடையாது, பழைய கதைகளைத் திரும்ப அச்சடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இதழ். அதை 24 வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் நைட் வாட்ச்மேனை அனுப்புவார்களே, அப்படி. அவன் 16 வருஷம் ஆடினான். ரன் என்பதைவிட இன்னிங்ஸ் என்று சொல்லலாம்.

வாடகை வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் நம் தெருவில் ஒரு வீட்டை "டீச்சர் வீடு" என்போம். டீச்சர் அங்கே குடியிருந்து காலிசெய்து இருபது வருஷம் ஆகியிருக்கும், சொந்தக்காரர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் வைத்த முருங்கை இன்னும் காய்க்கும். "அவருடைய எக்ஸ்-மென்" என்று நீங்கள் சொல்வதும் அந்தக் கணக்கில்தான்.

கிளேர்மான்ட் வைத்த மரங்களில் எனக்குப் பிடித்தது 183-ஆம் இதழ், 1984. வேறு உலகத்தில் இன்னொரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பும் கொலோசஸ், அணியின் சின்னப் பெண்ணும் அவன் காதலியுமான கிட்டியிடம் அதைச் சொல்லி அவள் மனதை உடைத்துவிடுகிறான். அணித் தோழர்கள் வுல்வரினும் நைட்கிராலரும் அவனை ஒரு மதுக்கடைக்கு இழுத்துப்போகிறார்கள். அங்கே யதேச்சையாக ஜக்கர்நாட் என்ற வில்லன். கைகலப்பு ஆரம்பமாகிறது, கொலோசஸ் அடி வாங்குகிறான். பக்கத்தில் நிற்கும் வுல்வரின் உதவிக்குப் போகவில்லை, போகப் பார்க்கும் நைட்கிராலரையும் தடுத்துவிடுகிறார். கிட்டிக்குச் செய்ததற்கு இவன் வாங்கட்டும் என்று விட்டுவிடுகிறார். உலகம் அழியவில்லை, யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு குடும்பத்துப் பெரியவர் வீட்டுப் பையனைத் தண்டிக்கும் விதம், அவ்வளவே. நூறு இதழ்கள் அந்த வீட்டுக்குள் இருந்தவனுக்குத்தான் அந்த அடி வலிக்கும்.

மேக்னெட்டோவும் அப்படித்தான். லீயும் கிர்பியும் தந்தது உறுமும் வில்லன். 150-ஆம் இதழில், 1981-இல், சண்டைக்கு நடுவே கிட்டியைக் கிட்டத்தட்டக் கொன்றேவிட்டோம் என்று பார்த்ததும் அந்த ஆள் உறைந்துபோகிறார். ஆஷ்விட்ஸில் கழிந்த தன் சிறுவயது நினைவுக்கு வருகிறது. இன்று சினிமாவில் நாம் பார்க்கும் மேக்னெட்டோ முழுக்க அந்தப் பக்கங்களிலிருந்து முளைத்தவர்.

குறையும் உண்டு, சொல்லாமல் விட்டால் நீங்களே திட்டுவீர்கள். மனிதர் வளவளவென்று எழுதுவார். குத்துவிடும் ஒருவன் தான் ஏன் குத்துகிறேன் என்று மூன்று பலூனில் விளக்கிவிட்டுத்தான் குத்துவான். அத்தனை சொற்களையும் அந்தக் கட்டங்களுக்குள் வருஷக்கணக்கில் கையால் எழுதி அடக்கிய டாம் ஓர்செகாவ்ஸ்கிக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். வரைந்த காக்ரம், பர்ன், பால் ஸ்மித், ரொமிட்டா ஜூனியர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. அந்த மட்டில் உங்கள் மனைவி கட்சிதான் நான்.

நம் தலைமுறைக்கு எழுதியவர் பெயரைச் சொல்லிக் கொண்டாடும் பழக்கமே தாமதமாகத்தான் வந்தது. இரும்புக்கை மாயாவியை மனப்பாடமாகச் சொன்னோம், எழுதியது யார் என்று கேட்டதில்லை. அது முதலில் வெளிவந்த பிரிட்டிஷ் வார இதழ்களிலேயே அந்தக் காலத்தில் பெயர் போடும் வழக்கம் இல்லை. கிளேர்மான்ட் பெயரோ ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் இருந்தது. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் குவியலில் நான் தேடியது அந்தப் பெயரைத்தான், அட்டையை அல்ல. அங்கே எனக்கு 136-ஆம் இதழ் கிடைத்தது, அட்டை பாதி இல்லாமல். 137 கிடைக்கவில்லை. எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே சாகும் இதழ் அது. அதைப் படிக்குமுன்பே அவள் உயிரோடு நடமாடும் இதழ் ஒன்று கையில் மாட்டிவிட்டது!

இங்கேதான் ரசிக உற்சாகத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1980-இல் கிளேர்மான்ட்டும் பர்னும் முதலில் எழுதிய முடிவில் ஜீன் சாகவில்லை, சக்தியை இழந்து சாதாரணப் பெண்ணாகிறாள். ஆனால் அதற்கு முன் அவள் ஒரு நட்சத்திரத்தை விழுங்கி 500 கோடி உயிர்களை அழித்திருந்தாள். அதற்குத் தண்டனை வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடிக்க, கடைசிப் பக்கங்களை மாற்றினார்கள். நிலாவில், காதலன் ஸ்காட்டின் கண்ணெதிரே, அவளே தன்னை முடித்துக்கொள்கிறாள். மேலிடத்து உத்தரவால் கதை மேம்பட்டது அபூர்வம், இது அதில் ஒன்று. பழைய முடிவை 1984-இல் தனியாக வெளியிட்டார்கள், படித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

ஆனால் ரசிகர்களுக்கு மனசு கேட்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கர்ட் பியூசிக் என்ற ரசிகர் ஒரு வழி கண்டுபிடித்தார்: செத்தது ஜீனே இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட வேறொரு சக்தி. உண்மையான ஜீன் நியூயார்க் கடலோரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு கூட்டுக்குள் தூங்குகிறாள். அவர் எழுத்தாளர் ரோஜர் ஸ்டெர்னிடம் சொல்ல, ஸ்டெர்ன் பர்னிடம் சொல்ல, 1986-இல் அது அச்சேறிவிட்டது. பியூசிக் பிறகு பெரிய எழுத்தாளர் ஆனார், அது வேறு கதை. கிளேர்மான்ட் இதை எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஸ்காட்டுக்கு அவர் மேடலின் என்ற பெண்ணைக் கட்டிவைத்து, குழந்தையும் கொடுத்து, நிம்மதியாக ஓய்வுக்கு அனுப்பியிருந்தார். ஜீன் வந்த சேதி கேட்டதும் ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுக் கிளம்பிவிட்டான். அவன் செய்ததை மறைக்க, பின்னால் அந்தப் பாவப்பட்ட மேடலினை அரக்கியாக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் ஒரு ரசிகனின் நல்லெண்ணத்தில் தொடங்கியது.

1991-இல் எக்ஸ்-மென் புதுத் தொடரின் முதல் இதழ் வந்தது. ஐந்து விதமான அட்டை, கடைகளுக்குப் போனது சுமார் 80 லட்சம் பிரதிகள். ஐந்து அட்டையையும் வாங்கிப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தவர்களை ரசிகர் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அதை எழுதியவரும் கிளேர்மான்ட்தான். ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை, மூன்றாம் இதழோடு வெளியேறினார். அவர் விலகாமலே இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று 2009-இல் அவரையே எழுத வைத்தார்கள். ரசிகன் கேட்ட வரம் அப்படியே கிடைத்தது. நான் நாலு இதழ் படித்தேன், கா. அதே மனிதர், அதே வளவளா. மேலே போக முடியவில்லை.

நண்பரிடம் சண்டை போட்டது சரி. "அதற்குப் பிறகு எதுவும் இல்லை" என்ற இடத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், நல்ல இதழ்கள் பின்னாலும் உண்டு.

பையனுக்கு 94 வேண்டாம், கிடப்பில் போட்டுவிடுவான். 143 கொடுங்கள். கிறிஸ்துமஸ் முந்தின இரவு, எல்லோரும் வெளியே போயிருக்க, பெரிய மாளிகையில் கிட்டி மட்டும் தனியாக. உள்ளே ஒரு பிசாசு நுழைந்துவிடுகிறது. உங்கள் பையனைவிட ஒரு வயது, ஒன்றரை வயது மூத்த பெண், கையில் ஆயுதம் இல்லை, கடைசியில் ஜெட் விமானத்தின் எஞ்சினை மூட்டி அதை எரிக்கிறாள். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். பகலில் கொடுங்கள், உங்கள் அக்காவிடம் நான் திட்டு வாங்க முடியாது.