பாடகர் திரும்பிப் பார்க்கமாட்டார்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மும்பை செம்பூரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். போன மாதம் மாட்டுங்கா பக்கம் ஓர் அரங்கில் இந்திய சினிமாவின் முன்னோடி பால்கேயின் 'காலிய மர்தன்' ஊமைப்படத்தைப் போட்டார்கள். திரைக்குக் கீழே வயலினும் மிருதங்கமும். மகனையும் கூட்டிப் போயிருந்தேன். குட்டிக் கிருஷ்ணன் பாம்பின் தலைமேல் ஏறியதும், நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு காளிங்க நர்த்தனப் பாட்டை வயலினில் எடுத்தார்கள். அரங்கமே தொடையில் தாளம் போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தக் காட்சியே ஞாபகம் இல்லை. மிருதங்கக்காரரின் விரல்கள்தான் நினைவில் இருக்கின்றன. மகன் கேட்கிறான்: "ஊமையாக எடுத்த படத்தை ஊமையாகவே பார்த்தால் என்னம்மா? இப்போது பாட்டைச் சேர்ப்பது பொய்தானே?" இன்னொன்று, படத்தில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறார்களே, அதுதான் அந்தக் காலத்து நடிப்பா?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மகனுக்கு. ஊமைப்படம் என்ற நம் சொல்லில் ஊமையாக இருப்பது திரையில் தெரிகிற ஆட்கள்தான். அரங்கம் பெரும்பாலும் ஊமையாக இருந்ததில்லை. 1913 மே 3ஆம் தேதி இதே ஊரில், கிர்காமில், கரோனேஷன் அரங்கில் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. அன்றைய நிகழ்ச்சியில் படத்தோடு கூட ஒரு நடனம், ஒரு சிரிப்பு நாடகம், காலால் பொருள்களைச் சுழற்றி வித்தை காட்டுகிற ஒருவர் எல்லாம் உண்டு. கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் போகும் அரங்குகளில் பியானோவும் வயலினும், நம் ஆட்கள் போகும் இடங்களில் ஆர்மோனியமும் தபலாவும். நம்மூர்ப் பக்கம் கூடாரத்தில் படம் காட்டியபோது எழுத்துத் தெரியாதவர்களுக்காக வசன அட்டைகளை ஒருவர் உரக்கப் படித்துச் சொல்வார். ஒரே புரொஜக்டர் இருந்த இடங்களில் ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை கூட்டத்தை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலையும் இவர்கள் தலையில்தான். மிஷின் போடுகிற கடகட சத்தம் வேறு.

ஆகவே சேர்த்தது பொய் இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வருத்தம் அதனால் தீராது. நீங்கள் கேட்டது இன்னும் கஷ்டமான கேள்வி.

குடுகுடு ஓட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மிருதங்கக்காரரின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு படச்சட்டம் (ஃபிரேம்) போல ஓடும். சுற்றுகிறவர் கை சோர்ந்தால் குறையும், அவசரப்பட்டால் ஏறும். பேசும்படம் வந்த பிறகு 24 என்று கணக்கை இறுக்கிவிட்டார்கள். பதினாறில் எடுத்ததை 24இல் ஓட்டினால் யசோதை கூட ரயிலுக்கு ஓடுகிறவள் மாதிரிதான் தெரிவாள். நடிப்பின் மேல் தப்பில்லை. நீங்கள் பார்த்த இடத்தில் வேகத்தைச் சரிசெய்யாமல் போட்டிருப்பார்கள்.

சரி, இப்போது மிருதங்கக்காரர். கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்கிறவருக்கு ஒரு பெரிய தைரியம் உண்டு: பாடகர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோர்வை என்கிற முத்தாய்ப்பு அடிகள், தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து விழும்போது பாடகரும் அங்கே வந்து நிற்பார். கொஞ்சம் பிசகினால் ஒரு பார்வை, ஒரு புன்னகை, சமாளித்துவிடலாம். ஊமைப்படம் என்ற பாடகருக்குக் காதே கிடையாது. திரும்பிப் பார்க்கமாட்டார். ஆதி தாளத்தை அழகாகப் போட்டுக்கொண்டு நீங்கள் சமத்துக்கு வரும்போது அவர் காட்சியை வெட்டிவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். கையால் சுற்றிய படத்தில் கிருஷ்ணனாக ஆடுகிற சிறுமியின் கால் ஒரே லயத்தில் பத்து நொடி கூட நிற்காது. அதற்குமேல் எல்லோருக்கும் தெரிந்த உருப்படி ஒன்றை, அதாவது தாளத்தில் கட்டிய பாட்டு ஒன்றை, அதன் மாறாத வேகத்தோடு தூக்கி வைத்தால் என்ன ஆகும்? பாட்டு தன் பாட்டுக்குப் போகும், படம் தன் பாட்டுக்குப் போகும். தெரிந்த மெட்டு வார்த்தையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நீங்கள் மனதுக்குள் பாடியிருப்பீர்கள். பாடுகிறபோது கண் பார்க்காது.

என் அபிப்பிராயம், இந்த வேலைக்கு நம் சங்கீதத்தில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: தானம், தாளமில்லாமல் ராகத்தை விரிக்கிற முறை. ஓட்டம் உண்டு, துடிப்பு உண்டு, ஆவர்த்தனம் என்கிற தாளச் சுற்று கிடையாது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், நீட்டலாம். தாளத்தில் கட்டிய உருப்படியை விட்டு ஆலாபனையும் தானமுமாக ஒருவர் முழுப் படத்துக்கும் வாசித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வெள்ளைக்காரர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். 1924இல் எர்னோ ரப்பே என்பவர் பியானோ, ஆர்கன் வாசிப்பவர்களுக்காக ஒரு தடிப் புத்தகம் போட்டார். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் 52 தலைப்புகள்: துரத்தல், ரயில், தாலாட்டு, சவ ஊர்வலம், பொறுமையின்மை... திரையில் வீடு பற்றிக்கொண்டால் ஒரு கையால் வாசித்தபடியே தீயணைப்புப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கீழைத்தேயம் என்றும் ஒரு தலைப்பு. நீங்கள், நான், சீனாக்காரர், அரபிக்காரர் எல்லோரும் அதற்குள் அடக்கம்! சிரிக்கலாம், ஆனால் நீங்கள் கேட்ட காளிங்க நர்த்தனமும் அதே முறைதான். பாம்பு வந்தது, பாம்புப் பாட்டைப் புரட்டினார்கள்.

முழுக்க எழுதி வைத்து வாசிக்கிற வழியும் உண்டு. 1928இல் வந்த 'ஷிராஸ்' ஊமைப்படத்துக்கு சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் இசை அமைத்து, 2017இல் லண்டனிலும் பிறகு நம் நாட்டிலும் மேடையில் வாசித்தார்கள். நம் கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்குக்கும் வந்தது. பெரிய வேலை, குறை சொல்ல எதுவுமில்லை. எனக்கு மட்டும் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்து வாசிப்பதில்தான் மனம் போகிறது.

அப்படி ஒரு தடவை பார்த்தேன், இதே 'காலிய மர்தன்'. ஆர்மோனியமும் மிருதங்கமும். 1919இல் எடுத்த படம். கிருஷ்ணனாக வருவது பால்கேயின் மகள் மந்தாகினி. ஆரம்பத்தில் அந்தக் குழந்தையின் முகம் மட்டும் வரும். சிரிப்பு, கோபம், அழுகை என்று மாறிக்கொண்டே போகும். ஏழு வயதுச் சிறுமியின் முகபாவங்கள் என்று அட்டை கூடப் போட்டிருப்பார் அப்பா, பெருமை தாங்காமல். அதற்கு ஆர்மோனியத்தில் சுருதி மட்டும்தான். தூங்குகிற வியாபாரியின் தாடியையும் அவன் மனைவியின் கூந்தலையும் சேர்த்து முடிச்சுப் போடுகிற இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் போட்ட கூச்சலே போதுமாக இருந்தது. அப்புறம் கிருஷ்ணன் ஆற்றில் குதித்தான். மிருதங்கம் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் பாம்போடு சண்டை, கரையில் அழுகிற கூட்டம், மறுபடி தண்ணீர். ஆர்மோனியமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஓய்ந்தது. மின்விசிறி சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கை மாமி மூச்சை அடக்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. கதை தெரியாதவர் யாரும் அங்கே இல்லை, இருந்தும் பயந்தோம். கிருஷ்ணன் பாம்பின் தலைமேல் எழுந்து வந்த பிறகும் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் முதல் தட்டு விழுந்தது.

முடிந்ததும் அந்த மிருதங்கக்காரரைப் பிடித்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தோன்றியது, ஒத்திகையிலேயே முடிவு செய்ததா என்றெல்லாம் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: "இல்லை சார். அங்கே வாசிக்க ஒரு உருப்படி வைத்திருந்தோம். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், மறந்துபோச்சு."

அடுத்த தடவை எங்காவது போட்டால் எழுதுகிறேன், மகனோடு வாருங்கள். வாசிக்கிறவர்களின் கை தெரியாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். தூணுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.