வயதானால் கலைஞர்களுக்குக் கற்பனை வற்றிவிடுமா?

வற்றாது. வருகிற விதம் மாறும். நான் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்கிறவன், அறுபதைத் தாண்டிவிட்டேன். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

இளம் வயதில் ராத்திரி படுத்தால் உருவங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் அதை அப்படியே மண்ணில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஐயனார் குதிரை என்றால் ஆள் உயரம், கழுத்து நிறைய மணி, சலங்கை, சேணம். ஓர் இடத்தையும் வெறுமையாக விட மனசு வராது. இப்போது உருவம் முன்கூட்டியே வருவது குறைவு. மண்ணைப் பிசைந்து பிடிக்கும்போதுதான் வருகிறது. குதிரையின் கழுத்தை லேசாக ஒருபக்கம் திருப்பினால் போதும், தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டு நிற்பதுபோல் ஆகிவிடும். அப்புறம் மணி எதற்கு? ஈரம் காய்வதற்குள் காதை மட்டும் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிச் சரிசெய்துகொண்டிருப்பேன். அந்த நேரத்துச் சந்தோஷம் முப்பது வயதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இழப்பும் உண்டு. பெரிய உருவத்துக்குத் தோள் ஒத்துழைப்பதில்லை, மடியில் வைத்துச் செய்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் உடம்பு முடியாமல் போகும்போது கலை புதுவழியில் திரும்புவதும் நடக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுவதில் முழுமூச்சாக இறங்கினார். வங்காளத்துச் சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜிக்கு ஐம்பதைக் கடந்த பிறகு பார்வையே போய்விட்டது. விரல்களால் தடவித் தடவி காகிதத்தை வெட்டி ஒட்டினார். 1972-இல் ஓடுகள் பதித்து ஒரு பெரிய சுவர்ச் சித்திரமே செய்தார். அதை ஆறுதலுக்காகச் செய்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முழுப்பலமான கலை அது.

‘வயசாயிடுச்சு, ஒண்ணும் தோணல’ என்று சொல்கிற பலரை ஓயவைத்தது வயது இல்லை என்றே நினைக்கிறேன். சதுர்த்திக்கும் கொலுவுக்கும் வருஷா வருஷம் ஒரே அச்சில் தட்டி எடுத்தால் முப்பது வயதுக்காரனுக்கும் ஒன்றும் தோன்றாது. வயிற்றுப்பாட்டுக்கு அந்த வேலையும் வேண்டும், சரி. அதனால் ஆர்டர் முடிந்ததும் கொஞ்சம் மண்ணை ஈரத்துணி சுற்றித் தனியாக வைத்துவிடுவேன். யாரும் கேட்காத ஒன்றை அதில் செய்வேன். இந்த வாரம் ஒரு கிழட்டு ஆடு. கொம்பின் வளைவுதான் இன்னும் பிடிபடவில்லை.