ஒலிவியரின் ‘ஹேம்லட்’ ஏன் ஏமாற்றுகிறது? – கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, 1948ல லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடிச்ச ‘ஹேம்லட்’ படம் சிறந்த படத்துக்கான ஆஸ்காரே வாங்கியிருக்கு. ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் படிச்சிட்டுப் பார்த்தா ஏன் சப்புன்னு இருக்கு?

முழு நாடகத்தையும் நடித்தால் நாலு மணி நேரம். படம் இரண்டரை மணி நேரம். வெட்டியது தப்பில்லை தம்பி, வெட்டிய இடம்தான் தப்பு. நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸை ஒலிவியர் அடியோடு தூக்கிவிட்டார். ஹேம்லட்டைப் போலவே அவனும் தகப்பனைப் பறிகொடுத்தவன். ஒரு துண்டு நிலத்துக்காக அவன் படை போவதைப் பார்த்துத்தான் தகப்பனைக் கொன்றவனை இன்னும் பழிவாங்கவில்லையே என்று ஹேம்லட் தன்னையே நொந்துகொள்கிறான். ஃபோர்ட்டின்பிராஸோடு, ஹேம்லட் தனியாக நின்று பேசும் அந்தத் தனிமொழியும் போயிற்று. பழங்கதையின் டிராய் ராணி ஹெக்யூபாவுக்காக ஒரு நாடக நடிகன் கண்ணீர் விட்டதை நினைத்துத் தன்னைக் கோழை என்று திட்டிக்கொள்ளும் பேச்சிலும் கடைசி வரிகளே மிச்சம். தன் தயக்கத்தை அவனே குறுக்கு விசாரணை செய்யும் இடங்கள் இவை. இவற்றை எடுத்துவிட்டு, ‘முடிவெடுக்க முடியாதவனின் கதை’ என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் தீர்ப்புச் சொல்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதாத வரி அது! நாடகம் முழுக்க நாம் தேட வேண்டிய விடையை முதல் நிமிடத்திலேயே கையில் திணித்தால் அப்புறம் என்ன இருக்கிறது?

பட்டர்வொர்த் வாசகி: படத்தில் தனிமொழி மனக்குரலாக வருகிறதே. எங்கள் கல்லூரி மேடையிலும் பதிவு செய்து ஒலிக்கவிடலாமா?

வேண்டாம்மா. கேமரா முகத்தருகே போவதால் படத்தில் அது எடுபடுகிறது. மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடிகரின் கண் தெரியாது. ஒலிப்பதிவின் வேகத்துக்கு அவர் ஓட வேண்டும். கூட்டம் சலசலத்தால் நிறுத்தவும் முடியாது. மற்ற விளக்குகளை அணைத்து, மேடை முன்விளிம்புக்கு வரச் சொல்லி, பார்வையாளர்களைப் பார்த்தே பேசவிடுங்கள். எண்ணம் திரும்பும் இடங்களைப் பிரதியில் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் மூச்சு விடப் பழக்குங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: இரண்டு மணி நேரத்தில் தமிழில் போட வேண்டும். எந்தப் பாத்திரங்களை வெட்டலாம்?

வேலைக்காரன் ரெய்னால்டோ, தூதர்கள் இருவர். ஹேம்லட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டர்னை ஒரே ஆளாக்கலாம். குழிவெட்டியைத் தொடாதீர்கள். ஃபோர்ட்டின்பிராஸுக்குப் படை கடந்துபோகும் காட்சியும் கடைசிக் காட்சியும் கட்டாயம். இரண்டு சிப்பாயும் திரைக்குப் பின்னால் ஒரு முரசும் இருந்தால் படை வந்துவிடும்.

செந்தூல் வாசகர்: அப்ப அந்தப் படத்துல எடுத்துக்க ஒண்ணுமே இல்லையாண்ணே?

இருக்கிறது. ஹேம்லட்டின் தாய், ராணி கெர்ட்ரூட் விஷக் கோப்பையை உற்றுப் பார்த்து, புரிந்துகொண்டு, தெரிந்தே குடிக்கிறாள். மூலத்தில் அது அத்தனை தெளிவாக இல்லை. ஒரு வசனமும் சேர்க்காமல் நடிப்பிலேயே சொன்ன இடம். உங்கள் ராணிக்கு நடிப்பவரிடம் அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.