மனு கொடுத்தால் எத்தனை நாளில் விசாரணைக்கு வரும்?

கேள்வி: அடி தாங்காமல் செல்லூரிலிருந்து மேலூரில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கணவர் ராத்திரியில் குடித்துவிட்டு இங்கேயும் வாசலில் நின்று கத்துகிறார். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதலில் ராத்திரி விஷயம். அவர் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். அவசர உதவி எண் 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ போன் அடியுங்கள். கோர்ட் உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இழுக்கும் என்று சொல்பவர்கள் சொத்து வழக்கை நினைத்துச் சொல்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் வேறு மாதிரி. நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு போய்ச் சேர்ந்தால், சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். முழு மனுவையும் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். இந்த 60 நாள் நடைமுறையில் நீளும், மறைக்க மாட்டேன். சம்மன் வாங்காமல் நழுவுவார்கள், வாய்தா கேட்பார்கள். அதனால் கணவர் வேலை பார்க்கும் இடத்தின் முகவரியையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

அதனால்தான் இடைக்கால உத்தரவு, அதாவது வழக்கு முடியும்வரை காக்கும் தற்காலிக உத்தரவு, முக்கியம். பலர் பிரதான மனுவை மட்டும் போட்டுவிட்டு அப்புறம் செருப்புத் தேய அலைகிறார்கள். இதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஒரு மனுவும் பிரமாணப் பத்திரமும் (சொல்வது உண்மை என்று உறுதியளிக்கும் பத்திரம்) முதல் நாளே கூடப் போகட்டும். எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் உத்தரவு போட அதில் வழி உண்டு. "அடிக்கடி தொல்லை செய்கிறார்" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். ஸ்டேஷனில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் அந்த ரசீது, சிகிச்சைச் சீட்டு, போன் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள்.

செல்லூரில் நடந்ததற்கு மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இப்போது தங்கியிருக்கும் ஊர் என்பதால் மேலூர் நீதிமன்றத்திலேயே போடலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவச வக்கீல் தர வேண்டியது சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற போன் எண்ணில் கேளுங்கள். மனு எழுத, இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும் உதவுவார்.

(தொல்லை தருபவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, பாதை வேறு.)

உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டே அனுப்பும். ஆனாலும் ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் உத்தரவை மீறி அவர் வாசலுக்கு வந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம்.