தோடர் பூத்தையலில் எது மேல்பக்கம்?

நீலகிரித் தோடர்கள் போர்த்தும் பூத்குளிச் சால்வையில் எது மேல்பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கண் வழுவழுப்பான பக்கத்தையே தேர்ந்தெடுக்கும். தோடர்களுக்கோ நூல் சற்றே புடைத்துச் சொரசொரப்பாகத் தெரியும் பக்கமே மேல்பக்கம். தோடர் பெண்கள், சட்டமோ முன்கூட்டி வரைந்த கோலமோ இன்றி, வெளியிலிருந்து வாங்கிய தடித்த வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரலால் தடவி எண்ணி, சிவப்பு, கறுப்பு நூல்களை ஊசியால் வரிசை வரிசையாக ஓட்டுகிறார்கள். அப்போது நூலை இறுக்கிவிடாமல் வேண்டுமென்றே சிறிது தளர்த்தி விடுவதால்தான் அந்தப் புடைப்பு உண்டாகிறது. எண்ணிக்கையில் ஓர் இழை பிசகினாலும் கோலம் கோணிவிடும். இரு பக்கமும் பார்க்கத்தக்கவை என்பதால் எப்படிப் போர்த்தினாலும் குற்றமில்லை. 2013-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.