கேளுங்க, சொல்றேன்: போர்ஷே 911-ல தினமும் ஆபீஸ் போலாமா?

கேள்வி: சார், அண்ணா நகர்ல இருந்து சிறுசேரிக்கு தினமும் கார்ல தான் போயிட்டு வரேன். 2017 மாடல் போர்ஷே 911 கரேரா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பார்த்து வெச்சிருக்கேன். வீட்ல எல்லாரும் "அதெல்லாம் ஞாயித்துக்கிழமை வண்டி, தினமும் எடுத்தா தாங்காது"ங்கறாங்க. நிஜமாவே தாங்காதா?
- வாசகர், சென்னை

தாங்கும் சார், தாராளமா தாங்கும். 911 முதல் முதல்ல 1963-ல வந்தப்பவே பின்னாடி ரெண்டு குட்டி சீட்டோட, முன்னாடி டிக்கியோட, தினமும் ஓட்டற வண்டியா தான் வந்துச்சு. நீங்க பார்த்தது 991-ங்கற தலைமுறையோட ரெண்டாவது பாதி, 3.0 லிட்டர் ட்வின் டர்போ, 370 குதிரைசக்தி. படத்துல பார்த்தா பெருசா தெரியும், ஆனா இன்னோவா கிரிஸ்டாவை விட அகலம் கம்மி, இப்போ வர்ற ஹோண்டா சிட்டியை விட நீளம் கம்மி, அதனால சந்துக்குள்ள போறது ஒரு பிரச்சனையே இல்ல. கெட்டுப்போறது பெரும்பாலும் ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டி தான், பேட்டரி டவுன் ஆகும், டயர் ஒரே பக்கமா அமுங்கும், ரப்பரெல்லாம் காஞ்சு போகும். உங்க ரூட் நல்ல நீளம், இன்ஜின் ஆயில் முழுசா சூடாகற தூரம், அந்த வண்டிக்கு அது ரொம்ப நல்லது.

ஆனா ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ஓட்டற விதத்தை கொஞ்சம் மாத்திக்கணும். அதுல பி.டி.கே.ங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தா அதுல ரெண்டு கிளட்ச், முன்னாடி வண்டி ரெண்டடி நகர்ந்தா நாமளும் ரெண்டடி நகர்ந்து நகர்ந்து போனா கிளட்ச் பாதி பிடிச்சு பாதி விட்டு சூடாகிட்டே இருக்கும். ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி வரட்டும், அப்புறம் ஒரே மூச்சா நகருங்க. அந்த இடைவெளியில ஆட்டோ வந்து சொருகுவார், சொருகட்டும் விடுங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. இன்ஜின் பின்னாடி இருந்தாலும் ரேடியேட்டர் இருக்கறது முன் பம்பரோட ரெண்டு ஓரத்துல, ஏசியோட சூட்டை வெளிய தள்ற கண்டென்சர் அதுக்கும் முன்னாடி. பம்பர் ஓட்டைக்குள்ள குனிஞ்சு டார்ச் அடிச்சு பாருங்க, காஞ்ச வேப்பிலை, பாலிதீன் கவர், மண்ணுன்னு ஒரு கைப்பிடி அடைஞ்சு கிடக்கும். அது மழையில நனைஞ்சு ஊறி கண்டென்சரை அரிச்சிடும், ஒருநாள் மே மாசத்துல ஏசி காத்து சூடா வரும். மாசம் ஒரு தடவை எடுத்து சுத்தம் பண்ணா போதும். வாங்கறதுக்கு முன்னாடியே இதை பாருங்க, பழைய ஓனர் வண்டியை எப்படி வெச்சிருந்தார்னு அந்த ஓட்டையே சொல்லிடும்.

2017 மாடல்ங்கறதால 2015 வெள்ளத்தை அது பார்க்கல, ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில எத்தனை கார் முங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும். கார்பெட்டை தூக்கி பாருங்க, சீட் தண்டவாளத்துக்கு அடியில துரு இருக்கான்னு பாருங்க, இன்ஷூரன்ஸ் க்ளைம் ஹிஸ்டரி கேளுங்க, தர மறுத்தா அந்த வண்டி வேண்டாம். அப்புறம் டயர் ஓரத்துல டி.ஓ.டி. போட்டு கடைசியில நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டின டயரை நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க, புது செட் விலையை வண்டி விலையில குறைச்சு கேளுங்க.

கேள்வி: அண்ணா, எங்க ஏரியால வீட்டுக்கு வீடு ஸ்பீட் பிரேக்கர். இந்த மாதிரி தாழ்வான வண்டி அடி தட்டாம எப்படி ஏத்தி இறக்கறது?
- வாசகர், கோயம்புத்தூர்

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், அப்படி மெதுவா ஏறி இறங்கற மேடுன்னா 911 தட்டாம போயிடும். தெருக்காரங்களே சிமெண்ட்டை கொட்டி குறுகலா கட்டி வெக்கறாங்க பாருங்க, அதுதான் பம்பரை கிழிக்குது. வாங்கும்போது முன்பக்கம் தூக்கற லிஃப்ட் இருக்கற வண்டியா தேடுங்க தம்பி. 991-ல ரெண்டாவது பாதி வண்டிகளுக்கு அது ஆப்ஷனா வந்துச்சு, பட்டனை அமுக்குனா அஞ்சு செகண்ட்ல மூக்கு 40 மில்லிமீட்டர் ஏறும். நம்ம ஊர்ல அது ஆடம்பரமே இல்ல, அத்தியாவசியம்.

லிஃப்ட் இல்லன்னா குறுக்கா சாய்ச்சு, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்தணும். அப்படி சாய்க்கும்போது தான் ஆபத்து, ஏன்னா வலது பக்கம் ஒதுங்கறோம்னு நினைச்சு பைக்காரங்க இடது பக்கம் கிடைக்கற சந்துல புகுந்துடுவாங்க. முன்னாடியே இண்டிகேட்டர் போட்டு, ரெண்டு கண்ணாடியையும் பார்த்து, யாரும் இல்லன்னா மட்டும் சாய்ங்க. பம்பர் கீறுனா மாத்திக்கலாம், பைக்ல வர்றவருக்கு அடி பட்டா மாத்த முடியாது. பள்ளத்துல விட்டுடாதீங்க, டயர் சைடு அவ்ளோ மெல்லிசு, ஒரு குத்துல புடைச்சிக்கும். ஸ்டெப்னி வேற கிடையாது, பஞ்சர் லிக்விடும் சின்ன பம்பும் தான், சைடு கிழிஞ்சா அந்த லிக்விட் உதவாது, ரெகவரி வண்டி தான் வரணும்.

கேள்வி: மழை நாள்ல எடுக்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

மழையில எடுக்கலாம், வெள்ளத்துல எடுக்கவே கூடாது மேடம். பின் டயர் ரொம்ப அகலம், ரோட்ல தண்ணி நிக்கும்போது வேகமா போனா டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சிடும், எவ்ளோ எலக்ட்ரானிக்ஸ் இருந்தாலும் அந்த நேரத்துல பிடிப்பு கிடையாது. உங்க ஏரியால புயல் எச்சரிக்கை வந்தாலே ஃப்ளைஓவர் மேல வரிசையா கார் நிறுத்தறாங்களே, அது சரியான யோசனை, மல்டிலெவல் பார்க்கிங்ல மேல் மாடி கிடைச்சா இன்னும் நல்லது. தண்ணி ஏறின வண்டியை தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணி பார்க்காதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், சாதாரண பாலிசில அது வராது, இன்ஜின் ப்ரொடெக்ஷன் தனியா எடுத்திருக்கணும்.

கேள்வி: எந்த பெட்ரோல் போடறது?
- வாசகர், திருச்சி

98 ஆக்டேன் தான் சிபாரிசு, 95 போட்டாலும் ஓடும், கொஞ்சம் பவர் குறையும். பங்க்ல முன்னாடி சாதாரணமா கிடைச்ச 91 வேண்டாம். 95-க்கு குறையாம கேட்டு போடுங்க, 100 கிடைக்கற ஊருக்கு போனா டேங்க் நிரப்பிக்கோங்க.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. இந்த வண்டில ஏத்தி இறக்க முடியுமான்னு தான் யோசிக்கறேன்.
- வாசகர், சேலம்

நல்ல கேள்வி, ஷோரூம்ல யாரும் கேக்காத கேள்வி. சீட்டை முழுசா உயர்த்தி, முழுசா பின்னாடி தள்ளி வெச்சிடுங்க. அம்மா முதல்ல முதுகை காட்டி உக்காரட்டும், ரெண்டு காலும் வெளிய இருக்கட்டும், அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பட்டும். பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தவே நிறுத்தாதீங்க, உசரத்துல நின்னு உக்காரும்போது சீட் இன்னும் கீழ போயிடும். நடு ரோடும் இல்லாம ஒரு கதவு அளவு தள்ளி நிறுத்துங்க. வாங்கறதுக்கு முன்னாடி அம்மாவை கூட்டிட்டு போய் உக்கார வெச்சு பாருங்க, அவங்க முகம் சுருங்குச்சுன்னா வீட்ல இன்னொரு வண்டி இருக்கணும்.

கேள்வி: துபாய்ல இருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை தான் வருவேன். போன தடவை பேட்டரி டவுன், அந்த பேட்டரி இருக்கற முன் டிக்கியும் திறக்கல!
- வாசகர், நாகர்கோவில்

டிக்கி பூட்டு கரண்ட்ல வேலை செய்யுது, அதான். சாவிக்குள்ள இருக்கற இரும்பு சாவியால கதவை திறந்து, காலடி பக்கவாட்டுல ஃபியூஸ் பெட்டி மூடியை கழட்டுங்க, உள்ள இழுத்தா வெளிய வர்ற ஒரு பிளஸ் முனை இருக்கும். வேற 12 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸை அதுலயும், மைனஸை கதவு பூட்டு மாட்டற இரும்பு கொக்கியிலயும் குடுத்து, ரிமோட்ல டிக்கி பட்டனை அமுக்குங்க, ஹாரன் அலறும், பயப்படாதீங்க. அந்த முனையில வெச்சு இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அது டிக்கி திறக்க மட்டும் தான். அடுத்த தடவை கிளம்பறதுக்கு முன்னாடி பேட்டரி இறங்காம சார்ஜ்ல வெச்சிருக்கற மெயின்டெய்னர் ஒண்ணு வாங்கி மாட்டிட்டு போங்க, டயர்ல காத்து மேனுவல்ல சொன்ன அளவு இருக்கான்னும் பார்த்துடுங்க.